விடை மட்டும் போதாது, படிகள் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். கோபம் வருமானால் முழுதும் படித்த பிறகு வரட்டும்.

பத்து நாட்களாக நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சதுரங்கப் பயிற்சி மையம் ஒன்றின் விளம்பரம். பெயர் வேண்டாம், இதுபோல இன்னும் நிறைய இருக்கின்றன. படத்தில் ஏழெட்டு வண்ணப் பட்டைகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஓப்பனிங் பெயர்: சிசிலியன், ஃப்ரெஞ்ச், காரோ-கான், இத்தாலியன், ஃப்ரைடு லிவர். தலையில் ஒரு சதவீதம். ஒரு பட்டை மட்டும் தென்னை மரம் மாதிரி உயர்ந்து நிற்கிறது, மற்றதெல்லாம் அதன் காலடியில் புல். "லட்சக்கணக்கான ஆட்டங்களின் தரவு சொல்கிறது, உங்கள் குழந்தைக்கு ஏற்ற ஓப்பனிங் இதுதான்" என்று கீழே எழுதி, அதைக் கற்றுத்தரத் தனிக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். "டேட்டா பொய் சொல்லாது டீச்சர்" என்று ஒருவர் குழுவில் எழுதினார். மூன்று வீடுகளில் பணமும் கட்டியாகிவிட்டது. கட்டாதவர்கள், நம் பிள்ளைக்கு ஏதோ குறை வைக்கிறோமோ என்று தவிக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அதைவிட நல்ல படத்தை உங்கள் வீட்டுப் பிள்ளையே வரைய முடியும். தரவு இலவசம், வரையும் கருவியும் இலவசம். பிள்ளை தானே வரைந்தால் அந்த விளம்பரத்தில் என்னென்ன மறைத்திருக்கிறார்கள் என்பதை அதுவே கண்டுபிடித்துவிடும்.

என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். விடையை மட்டும் எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தால் நான் மதிப்பெண் போட்டதில்லை. "படிகள் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். விடை சரியாக இருந்தாலும் அப்படித்தான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாயா, குருட்டாம்போக்கில் போட்டாயா, புரிந்து செய்தாயா என்பது படிகளில்தான் தெரியும். அந்த விளம்பரப் படம் படிகள் இல்லாத விடை. எத்தனை ஆட்டங்கள், யார் ஆடியவை, எப்படி எண்ணினார்கள் என்று எதுவுமே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் போடாத மதிப்பெண்ணை விளம்பரக்காரருக்கு நாம் ஏன் போட வேண்டும்?

சதுரங்கம் ஆடாத உறவினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஆட்டத்தின் முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழிகள் உண்டு. எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், அது 16. இரண்டு குதிரைகளும் ஆளுக்கு இரண்டு இடம் தாவலாம், அது 4. கறுப்புக்கும் அதே 20. ஆக இருவரும் ஒருமுறை நகர்த்தி முடிக்கும்போதே 400 வகை நிலைகள். அதற்குப் பிறகு கிளை கிளையாகப் பெருகிக்கொண்டே போகும். அதிகம் புழங்கும் கிளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவைதான் ஓப்பனிங்குகள். 1970களில் யூகோஸ்லாவியாவில் இவற்றையெல்லாம் தொகுத்து ஏ முதல் இ வரை ஐந்து எழுத்துகள், ஒவ்வொன்றிலும் 00 முதல் 99 வரை என்று 500 குறியீடுகள் கொடுத்தார்கள். நம் பின்கோடு மாதிரிதான். சிசிலியனுக்கு பி20 முதல் பி99 வரை. ஃப்ரெஞ்சுக்கு சி00 முதல் சி19 வரை. ரூய் லோபஸுக்கு சி60 முதல் சி99 வரை. கணினியில் எண்ணுவதற்கு இந்தக் குறியீடு பெரிய வசதி.

இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். விடைத்தாள் திருத்துவது போல ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன்.

முதல் தவறு அளவுகோல். படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டைகள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவில்லை, 50-லிருந்து தொடங்குகின்றன. அப்படித் தொடங்கினால் 51 சதவீதத்துக்கு உயரம் ஒன்று, 53 சதவீதத்துக்கு உயரம் மூன்று. கண்ணுக்கு மூன்று மடங்காகத் தெரிகிறது. உண்மையில் நூறு ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிதான் வித்தியாசம். இது கைதவறி நடப்பதில்லை. நான் வரையப் பழகிய மேட்பிளாட்லிப் என்ற கருவியில் பட்டை வரையச் சொன்னால், அது தானாகவே பூஜ்ஜியத்திலிருந்துதான் வரையும். 50-லிருந்து தொடங்க வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து அதற்கென்றே ஒரு வரி எழுத வேண்டும். வேறு கருவியில் வரைந்திருந்தாலும் சரி, பார்த்துவிட்டு அப்படியே விட்டவரும் பொறுப்பாளிதான்.

இரண்டாவது தவறு, வெள்ளையையும் கறுப்பையும் ஒரே தராசில் வைத்தது. சதுரங்கத்தில் முதலில் நகர்த்துவது வெள்ளை. அதனால் வெள்ளைக்குச் சிறு சாதகம் எப்போதும் உண்டு. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்று கணக்கிட்டால் பெரிய தொகுப்புகளில் வெள்ளை 52 முதல் 56 சதவீதம் வரை எடுப்பது நெடுங்கால வழக்கம். சிசிலியனும் ஃப்ரெஞ்சும் கறுப்பு தேர்ந்தெடுப்பவை. ஃப்ரைடு லிவர் வெள்ளை தொடுக்கும் தாக்குதல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது உயரம் என்று கேட்பது, மேட்டில் நிற்பவனையும் பள்ளத்தில் நிற்பவனையும் நிறுத்தி யார் வளர்ந்தவன் என்று கேட்பது போன்றது.

மூன்றாவது தவறு, ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை ஆட்டங்கள் என்று சொல்லாதது. "லட்சக்கணக்கான" என்பது மொத்தம். அதில் அபூர்வமான ஓர் ஓப்பனிங்குக்கு நூறு ஆட்டங்கள்தான் இருந்திருக்கலாம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழுவது சாதாரணம். அதற்காக நாணயம் தலைக்குச் சாய்வு என்று யாரும் சொல்வதில்லை. ஏறக்குறைய சரிபாதி வாய்ப்புள்ள ஒன்றை நூறு முறை பார்த்தால், கிடைக்கும் சதவீதம் பத்துப் புள்ளி வரை கூடவோ குறையவோ தள்ளாடும். படத்தில் 55 என்று வந்தால் உண்மை 45-ஆகவும் இருக்கலாம், 65-ஆகவும் இருக்கலாம். பத்தாயிரம் ஆட்டங்கள் இருந்தால்தான் அந்தத் தள்ளாட்டம் ஒரு புள்ளிக்கு இறங்கும். ஒழுங்காக வரைபவர்கள் பட்டையின் உச்சியில் ஒரு சின்னக் கோடு போட்டு இந்தத் தள்ளாட்டத்தைக் காட்டுவார்கள். அந்தக் கோடு போட்டிருந்தால் படத்தில் பாதிப் பட்டைகள் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை என்று தெரிந்திருக்கலாம். ஒரே ஒரு கோடுதான், அதையும் விட்டுவிட்டார்கள்.

நான்காவது தவறு எல்லாவற்றையும்விடப் பெரியது. யார் யாரோடு ஆடினார்கள் என்று பார்க்காதது. எலோ சூத்திரப்படி, எதிராளியைவிட ரேட்டிங் 100 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூற்றுக்கு 64 எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 200 கூடுதல் என்றால் 76. அவர் எந்த ஓப்பனிங் ஆடினாலும் இந்த அளவு பலன் ஏற்கெனவே அவர் பக்கம் இருக்கிறது. பட்டைகளுக்கு இடையே தெரியும் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம் இதற்குமுன் எம்மாத்திரம்?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கற்பனை எண்கள்தான், ஆனால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ராணியை அவசரமாக வெளியே கொண்டுவந்து நாலே நகர்த்தலில் முடிக்கப் பார்க்கும் ஓப்பனிங்கை "அவசரம்" என்போம். காய்களை ஒழுங்காக வெளியே எடுத்து ராஜாவைப் பத்திரப்படுத்தும் ஓப்பனிங்கை "நிதானம்" என்போம். அவசரத்தைப் புதுப்பிள்ளைகளுக்கு எதிராக 90 ஆட்டம் ஆடி 63 வெற்றி, அது 70 சதவீதம். பயிற்சி பெற்றவர்களுக்கு எதிராக 10 ஆட்டம் ஆடி 2 வெற்றி, அது 20 சதவீதம். நிதானத்தைப் புதுப்பிள்ளைகளுக்கு எதிராக 10 ஆட்டம், 8 வெற்றி, 80 சதவீதம். பயிற்சி பெற்றவர்களுக்கு எதிராக 90 ஆட்டம், 36 வெற்றி, 40 சதவீதம். புதுப்பிள்ளையிடமும் நிதானமே மேல், தேர்ந்தவரிடமும் நிதானமே மேல். இப்போது கூட்டுங்கள். அவசரம் நூற்றுக்கு 65. நிதானம் நூற்றுக்கு 44!

எண்களில் ஒரு பொய்யும் இல்லை, கூட்டலிலும் பிழை இல்லை. ஆனாலும் முடிவு தலைகீழ். புள்ளியியலில் இதற்குச் சிம்சன் முரண் என்று பெயர். "டேட்டா பொய் சொல்லாது" என்று எழுதிய தம்பிக்கு என் பதில் இதுதான். தரவு பொய் சொல்லாது, தம்பி. ஆனால் கேட்கிற கேள்வி தப்பாக இருந்தால் அது தப்பான கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லும். பதிலைக் கேட்டவன் ஏமாந்து போவான்.

ஐந்தாவது, அந்தத் தென்னை மரம். ஃப்ரைடு லிவர். இதைக் கொஞ்சம் பலகையில் வைத்துப் பார்ப்போம். வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளை குதிரை எஃப்3, கறுப்பு குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பு குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பு டி5 தள்ளுகிறது, வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. இங்கேதான் கிளை பிரிகிறது. விவரம் தெரிந்த பிள்ளை சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி வெள்ளையின் பிஷப்பை விரட்டும். தெரியாத பிள்ளை எஃப்6 குதிரையால் டி5 சிப்பாயை வெட்டிவிடும். அப்படி வெட்டினால் வெள்ளை தன் குதிரையை எஃப்7-ல் பலிகொடுத்துக் கறுப்பு ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துப் போட்டு அடிக்கும். அந்தப் பலிக்குத்தான் ஃப்ரைடு லிவர் என்று பெயர்.

கவனித்தீர்களா? கறுப்பு சறுக்கிய பிறகுதான் இந்த ஓப்பனிங்குக்குப் பெயரே கிடைக்கிறது. சறுக்காமல் ஏ5 ஆடியவர்களின் ஆட்டங்கள் வேறு பெயரில் வேறு கணக்கில் போய்விடுகின்றன. மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-ல் வைத்தவர்கள் இந்தப் பொறிக்குள் வருவதே இல்லை. எதிராளி ஏற்கெனவே குழியில் விழுந்த ஆட்டங்களை மட்டும் எண்ணினால் சதவீதம் உயராமல் என்ன செய்யும்? ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாம் வகுப்பில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளிகளை நாம் பார்த்ததில்லையா? அதே வித்தைதான் இது. அந்த பேனரைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த நமக்கு இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரியவில்லை.

சரி, குறை சொன்னது போதும். நேர்மையான படம் எப்படி இருக்கும், அதை வீட்டில் எப்படி வரைவது என்று சொல்கிறேன்.

தரவு எங்கே கிடைக்கும்? லிச்செஸ் என்று ஓர் இணையதளம். பிரான்சைச் சேர்ந்த திபோ டுப்ளெசி 2010-ல் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, லாப நோக்கம் கிடையாது. அங்கே ஆடப்படும் ரேட்டிங் ஆட்டங்கள் முழுவதையும் மாதவாரியாகத் தொகுத்து, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். 2013 ஜனவரி முதல் இருக்கிறது. இப்போதைய ஒரு மாதக் கோப்பு நம் வீட்டுக் கணினியைத் திணறடிக்கும், அதைத் தொடாதீர்கள். 2013 ஜனவரிக் கோப்பை எடுங்கள். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் சற்று அதிகமான ஆட்டங்கள், சுருக்கிய நிலையில் 20 எம்.பி. கூட வராது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரணில் தூங்கிக்கொண்டிருந்து, இன்னும் உயிரோடு இருந்தால் அதுவே போதும்.

அந்தக் கோப்பு வெறும் எழுத்துதான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேலே சில வரிகள்: முடிவு என்ன, இருவரின் ரேட்டிங் என்ன, ஓப்பனிங் குறியீடு என்ன, பெயர் என்ன. கீழே நகர்த்தல்கள். பைத்தான் மொழியில் ஒவ்வொரு வரியாகப் படித்து, வேண்டியதை எடுத்து எண்ணச் சொல்ல வேண்டும். ஓட்டுப் பெட்டியைக் கொட்டிச் சின்னம் வாரியாக அடுக்கி எண்ணுவது போன்ற வேலைதான். நகர்த்தல்களுக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டுமானால் பைத்தான்-செஸ் என்று ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. அதற்குச் சதுரங்க விதிகள் அத்தனையும் தெரியும்.

எண்ணியதை வரைவதற்கு மேட்பிளாட்லிப். இதை லைப்ரரி என்பார்கள். புத்தக நூலகம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறொருவர் எழுதிவைத்த நிரல்களை நாம் எடுத்துப் பயன்படுத்துவது. வீட்டில் அரைத்து வைத்த சாம்பார்ப் பொடி மாதிரி. ஒவ்வொரு முறையும் மல்லி வறுக்க வேண்டாம், ஒரு கரண்டி போட்டால் போதும். கட்டற்ற மென்பொருள் என்பதால் பொடியோடு அரைத்த பக்குவமும் எழுதித் தரப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் திறந்து பார்க்கலாம், வேண்டுமானால் காரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நான் கேட்ட "படிகள்" இதில் மூடி மறைக்கப்படுவதில்லை.

இதை உருவாக்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர், அமெரிக்கர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்குத் தனக்கு ஒரு கருவி தேவைப்பட்டபோது எழுதியது இது. தன்னோடு வைத்துக்கொள்ளாமல் 2003-ல் எல்லோருக்கும் கொடுத்தார். 2012-ல் இளம் வயதிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்றதை உலகம் முழுவதும் பலர் சேர்ந்து இன்றும் வளர்க்கிறார்கள். 2019-ல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்ட விஞ்ஞானிகளும் இதைப் பயன்படுத்தினார்கள். அதே கருவி நம் ஊர் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் காசில்லாமல் கிடைக்கிறது. இதை வைத்துக்கொண்டு நாம் விளம்பரப் படத்தை ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறோம்!

"உங்களுக்கு எப்படி டீச்சர் இதெல்லாம் தெரியும்?" என்று கேட்பீர்கள். மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் சொல்லித்தருகிறாள். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்த அறுபது தாண்டிய எனக்கே இது வருகிறது என்றால், ஐந்து வயதில் போனைத் திறக்கப் பழகிய பிள்ளைக்கு வராதா?

மூன்று படங்கள் வரையச் சொல்லுங்கள். முதல் படம் பட்டைகள். பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கட்டும். வெள்ளை ஓப்பனிங்குகள் தனி, கறுப்பு ஓப்பனிங்குகள் தனி. ஒவ்வொன்றின் கீழும் ஆட்டங்களின் எண்ணிக்கை, உச்சியில் தள்ளாட்டக் கோடு. இரண்டாவது படம், அதே கணக்கை ரேட்டிங் வாரியாகப் பிரித்தது. இருவருக்கும் இடையே 50 புள்ளிக்குள் வித்தியாசம் உள்ள ஆட்டங்களை மட்டும் எடுத்து, 1200-க்குக் கீழ், 1200 முதல் 1600, 1600 முதல் 2000 என்று தனித்தனியாக. மூன்றாவது படம் வளையங்கள். நடு வட்டத்தில் வெள்ளையின் முதல் நகர்த்தல், அடுத்த வளையத்தில் கறுப்பின் பதில், அதற்கடுத்து வெள்ளையின் இரண்டாவது. எத்தனை பேர் அந்தக் கிளையில் போனார்களோ அத்தனை அகலம். வெள்ளைக்கு எவ்வளவு கிடைத்ததோ அதற்கேற்ற நிறம். மரத்தை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். ஃப்ரைடு லிவருக்குப் போகும் பாதையை இந்த மூன்றாவது படத்தில் தொடர்ந்து நீட்டிப் பாருங்கள். எத்தனை பேர் வழியிலேயே வேறு பக்கம் திரும்பிப் போனார்கள் என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

எனக்குக் கிடைத்த எண்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், விளம்பரக்காரரை விட்டுவிட்டு டீச்சரை நம்பிவிடுவீர்கள். அதுவும் படிகள் இல்லாத விடைதான். நீங்களே எண்ணுங்கள்.

இனி, வரப்போகும் எதிர்க்கேள்விகள்.

"பிள்ளை ஜெயிக்கணும் டீச்சர், இந்தப் புள்ளிவிவரமெல்லாம் எதற்கு?" நியாயமான கேள்வி. ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்று எண்ணிக்கை 80-ஐத் தாண்டிவிட்டது. பெருமைதான். ஆனால் தெருவுக்குத் தெரு ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிராண்ட்மாஸ்டர் ஆகப்போவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். அவர்கள் வளர்ந்து கல்லூரி வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் பார்ப்பார்கள். மியூச்சுவல் ஃபண்டு படத்தைப் பார்ப்பார்கள். மருந்து விளம்பரத்தைப் பார்ப்பார்கள். தேர்தல் கருத்துக்கணிப்பைப் பார்ப்பார்கள். எங்கும் இதே பட்டைகள், இதே 50-லிருந்து தொடங்கும் அச்சு. சதுரங்கத்தில் ஒருமுறை இந்த வித்தையைப் பிடித்த பிள்ளை எங்கேயும் பிடிக்கும். மனப்பாடம் செய்த ஓப்பனிங் ஆட்டத்தை விட்டதும் மறந்துபோகும், இந்தக் கண் மறக்காது.

"பெரிய ஆட்டக்காரர்களே ஓப்பனிங் படிக்கிறார்களே?" படிக்கிறார்கள், ஆனால் சராசரியைப் பார்த்து இல்லை. 2000-ல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிராக கிராம்னிக் பெர்லின் தடுப்பை எடுத்து வந்தார். பலரும் கைவிட்டிருந்த பழைய முறை. காஸ்பரோவால் அந்தச் சுவரை உடைக்கவே முடியவில்லை, பட்டம் போனது. 2008-ல் பான் நகரில் அதே கிராம்னிக்குக்கு எதிராக நம் ஆனந்த், காலமெல்லாம் இ4 ஆடியவர், டி4 ஆடினார். கறுப்புக் காய்களோடு மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களை வென்று பட்டத்தைக் காத்தார். இருவரும் எந்தப் பட்டை உயரம் என்று பார்க்கவில்லை. எதிரே உட்காரப்போவது யார், அவருக்கு எது பிடிக்காது, தனக்கு எது புரியும் என்று பார்த்தார்கள். 2024-ல் உலக சாம்பியனான குகேஷ், கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை கணினி என்ஜினைச் சாராமல் பயிற்சி பெற்றவர் என்பதைப் பலமுறை செய்திகளில் படித்திருப்பீர்கள். சொந்த மூளையில் யோசிக்கப் பழக்கிய பிறகுதான் கருவி வந்தது.

"செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நொடியில் படம் வரைந்து தரும், பிள்ளை ஏன் கஷ்டப்படணும்?" தரும். ஆனால் ரேட்டிங் வாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தன் கையால் எண்ணி, அவசரம் 65, நிதானம் 44 என்று வந்ததைப் பார்த்து, "இது எப்படி?" என்று ஒருமுறை திகைத்த பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி வாயில் வரும். கால்குலேட்டர் வந்த பிறகும் நாம் வாய்ப்பாட்டை விடவில்லை. கால்குலேட்டரில் தப்பாக அழுத்தினால் விடையைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும் என்பதற்காக.

"அந்த சாரிடம் படித்த பிள்ளைகள் மெடல் வாங்குகிறார்களே?" வாங்கட்டும், சந்தோஷம். நல்ல பயிற்சியாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிள்ளை தோற்ற ஆட்டத்தைப் பலகையில் அடுக்கி, "இந்த இடத்தில் நீ என்ன நினைத்தாய்?" என்று கேட்கும் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. என் சண்டை அவரோடு இல்லை. பிள்ளையின் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல், ஊருக்கெல்லாம் ஒரே ஓப்பனிங்கைப் படம் போட்டு விற்பவரோடுதான். அவர் விற்பது சதுரங்கமும் இல்லை, புள்ளியியலும் இல்லை. நம் பயத்தை நமக்கே விற்கிறார்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது பிள்ளைகளின் முகம்தான். பொறி வைத்துப் பழகிய எட்டு வயதுக் குழந்தைக்கு எதிரே, குதிரையை ஏ5-க்கு நகர்த்தத் தெரிந்த இன்னொரு குழந்தை உட்காரும் நாள் கட்டாயம் வரும். அன்று இந்தக் குழந்தைக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியாது. தரவு சொன்னபடிதானே ஆடினோம், அப்படியும் தோற்கிறோமே, நமக்குத்தான் மூளை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். ஒரு தப்பான பட்டைக்காக ஒரு குழந்தை தன்னை மட்டமாக நினைப்பது அநியாயம். முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவுகட்டிவிட்ட பிள்ளைகளை மீட்டெடுக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதில் பாதிப் பேருக்குக் கணக்கு நன்றாக வந்தது, யாரோ ஒருவர் வராது என்று நம்பவைத்ததுதான் பிரச்சினை.

ஆகவே பெற்றோர்களே, பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளை எழுதி அனுப்புங்கள். எந்தத் தரவு, எந்த மாதம்? ஒவ்வொரு பட்டைக்கும் எத்தனை ஆட்டங்கள்? ஆடியவர்களின் ரேட்டிங் என்ன, வித்தியாசம் எவ்வளவு? எண்ணிய நிரலைக் காட்ட முடியுமா? பதில் வந்தால் நல்லது, அந்த மையத்தை நானே பாராட்டி எழுதுகிறேன். "அதெல்லாம் எங்கள் தொழில் ரகசியம்" என்று சொன்னால் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தரவைப் பொதுவில் வைத்தவர் ரகசியம் என்று சொல்லவில்லை, கருவியைச் செய்தவரும் சொல்லவில்லை. இடையில் படம் போட்டவருக்கு மட்டும் என்ன ரகசியம்?

ஏற்கெனவே பணம் கட்டிய மூன்று வீட்டாரும் மனம் நோக வேண்டாம். கேள்வியைக் கேட்க உங்களுக்குத்தான் அதிக உரிமை. பிள்ளைகளோடு சேர்ந்து வரைய விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வரும் ஞாயிறு முதல் மாலை ஐந்து மணிக்கு வீடியோ அழைப்பில் உட்காரலாம், கட்டணம் கிடையாது. மென்பொருள் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் இரண்டு பேராவது உதவிக்கு வர வேண்டும். இது வேண்டுகோள் இல்லை, வீட்டுப்பாடம்.

பகிர்வதானால் முழுதாகப் பகிருங்கள், பாதியை வெட்டி அனுப்பாதீர்கள். கருத்தில் உடன்பாடு இல்லாதவர்கள் கீழே எழுதுங்கள். படிகளோடு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்